வடக்கே நகர்ந்த வீடு

நிறுவனம் வளர்ந்த ஒவ்வோர் ஆண்டும் லாய்ட் ஹேகனின் வீடு கொஞ்சம் வடக்கே தள்ளிப் போயிற்று. தானியக் கிடங்குகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் அவருடைய நிறுவனம் வளராத ஆண்டே இல்லை. முதலில் வீடு அலுவலகத்துக்கு எதிரே இருந்தது. பிறகு லூத்தரன் தேவாலயத்தைத் தாண்டியது, பிறகு சூரியகாந்தி வயல்களை. அறுவடை இயந்திரம் ஓட்டுபவர்கள் அதற்கு வழிவிடப் பழகினார்கள். உள்ளே அவர் மனைவி ஆர்டிஸ் தனியாக இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த லாய்ட், பிறகு இரவுகளில் காரில் போனார், பிறகு சனிக்கிழமைகளில் மட்டும், பிறகு அதுவும் இல்லை. அலுவலக சோபாவில் தூங்கினார்.

நிறுவனத்தை விற்றால் வீடு நின்றுவிடும் என்று, கனடா எல்லையை ஒட்டிய வடக்கு டகோட்டாவில் எல்லோருக்கும் தெரியும். சிகாகோவிலிருந்து வாங்க வருபவர்களுக்கும் தெரியும். ஆனால் விலைபோன நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் இயந்திரக் குரலிடம் மாட்டிக்கொண்டு தவிப்பதை லாய்ட் பார்த்திருந்தார். இங்கே மணி அடித்தால் மனிதர்தான் எடுப்பார். புது வாடிக்கையாளரிடம் முதலாளியே நேரில் போய்க் கற்றுக்கொடுப்பார். வாங்க வந்தவர்களுக்கு லாய்ட் காபி கொடுத்து அனுப்பினார்.

"கனடா வந்துட்டா வீட்டுக்கு பாஸ்போர்ட் எடுப்பியா லாய்ட்?" என்று உணவகத்தில் கேட்பார்கள்.

"வீட்டுக்கு எதுக்கு? எனக்குத்தான் வேணும்," என்பார்.

ஒரு பிப்ரவரியில் ஆர்டிஸ் அலுவலகத்துக்குத் தொலைபேசினார். லாய்ட்தான் எடுத்தார்.

"எந்தக் கிடங்குலேர்ந்து பேசறீங்க?"

"கிடங்கு இல்ல. உன் பொண்டாட்டி."

"ஆர்டிஸா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உங்க சாஃப்ட்வேர் ஒண்ணு வேணும்."

"உங்கிட்ட தானியமே இல்லையே."

"ரெண்டு டப்பா மாவு இருக்கு. வந்து கத்துக்குடு. புது கஸ்டமர்னா முதலாளியே வருவாராமே."

"உனக்கு சாஃப்ட்வேர் வித்தா வீடு இன்னும் தள்ளிப் போகும், ஆர்டிஸ். ஆர்டர் வேண்டாம். நான் சும்மாவே வரேன்."

"சும்மா வரேன்னு நீ சொல்றது எனக்குப் பழகிப்போச்சு. கஸ்டமர்கிட்ட அப்படிச் சொல்வியா?"

லாய்ட் விற்பனையைப் பதிவுசெய்துவிட்டுக் கிளம்பினார். அவர் போய்ச் சேர்ந்தபோது, வீடு இருந்த இடத்தில் பனி விழாத புல்தரை மட்டும் சதுரமாகக் கிடந்தது. புகைபோக்கியின் புகையைப் பார்த்துக்கொண்டே ஓட்டி, ஓடைக்கு அப்பால் வீட்டைப் பிடித்தார். ஆர்டிஸ் உதட்டுச் சாயம் பூசியிருந்தார். சமையலறை மேசையில் அருகருகே உட்கார்ந்து, மாவைக் கோதுமைக் கணக்கில் ஏற்றினார்கள். ஆர்டிஸ் வேண்டுமென்றே மெதுவாகக் கற்றுக்கொண்டார். லாய்ட் கவனித்தார், அவசரப்படுத்தவில்லை.

திங்கட்கிழமை திரும்பியதும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் எல்லோரையும் முதலாளி ஆண்டுக்கொருமுறை நேரில் பார்ப்பார் என்று விதியை மாற்றினார். வாடிக்கையாளர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. நிறுவனம் அதுவரை காணாத அளவுக்கு வளர்ந்தது. ஆர்டிஸ் தவறாமல் புதுப்பிக்கிறார். வீடு போய்க்கொண்டிருக்கிறது. லாய்ட் ஒவ்வோர் ஆண்டும் சற்று முன்னதாகவே கிளம்புகிறார்.