பிழைகள்: பூஜ்யம்

உலகத்தாருக்கு இதனால் அறிவிப்பது யாதெனில், இன்று பகல் பன்னிரண்டு மணி முதல் மனித இனம் இம்போர்ட் வரிகளைக் கையால் திருத்தும் அடிமைத்தனத்திலிருந்து விடுபடுகிறது. கூட்ட அறையில் மேனேஜர் ஏறக்குறைய இப்படித்தான் முழங்கினார். மைக் இல்லாத குறையே தெரியவில்லை.

விஷயம் சின்னது. ஒவ்வொரு கோப்பும் தனக்கு வேண்டிய சாமான் வேறு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று உச்சியில் விலாசம் எழுதி வைத்திருக்கும். அதுதான் இம்போர்ட் வரி. மென்பொருளில் வாடிக்கையாளர்கள் அறிக்கை எடுக்கும் பிரிவில் மட்டும் ஆயிரத்து நூறு கோப்புகள். அவற்றை இடம் மாற்றி அடுக்கினால் அத்தனை விலாசமும் செல்லாக்காசு. அவற்றைத் தானாகத் திருத்தும் நிரலை அக்கா எழுதியிருந்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான், மேனேஜர் உட்பட. நிரல் வேலை செய்தால் அந்தப் பிரிவுக்கு அவர் தலைவர். ஆறு வருடமாக அவர் வாய்விட்டுக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்த பதவி.

ஓட்டினார். நாற்பது விநாடி. சோதனைக் கருவி பச்சை எழுத்தில் சொன்னது: பிழைகள் பூஜ்யம். கைதட்டல் அடங்குமுன் மேனேஜர் அதை வாடிக்கையாளர் பயன்பாட்டுக்கே அனுப்பச் சொல்லிவிட்டார்.

மூன்று மணிக்கு, சோதனை பார்க்கும் தாடிக்காரன் வந்து நின்றான்.

"அக்கா, பிழை பூஜ்யம், சரி. மொத்தம் எத்தனை சோதனை ஓடுச்சுன்னு பாத்தீங்களா?"

"எத்தனை?"

"அதுவும் பூஜ்யம்."

அக்கா கோப்புகளைக் கிளறிப் பார்த்தார். அவருடைய நிரல், சோதனைக் கோப்புகளையும் மூட்டை கட்டி நகர்த்தியிருந்தது. பழைய இடத்தில் தேடிய கருவி, சோதிக்க ஒன்றுமே இல்லாததால், குற்றமே இல்லை என்று நற்சான்றிதழ் வழங்கிவிட்டது. போதாததற்கு, புது விலாசம் அகப்படாத வரிகளை நிரல் அடியோடு அழித்திருந்தது.

அறிக்கைப் பக்கத்தைத் திறந்தார். வெள்ளைத் திரை.

"மூணு மணி நேரமா செத்துக் கிடக்குடா! போன்ல கிழிகிழின்னு கிழிச்சிருப்பாங்களே?"

"ஒரு போனும் வரலக்கா."

"ஒண்ணுகூடவா?"

"உதவி மையத்துல கொட்டாவி விட்டுட்டு இருக்காங்க."

மேனேஜர் வெளிறிய முகத்தோடு ஓடிவந்தார். "யாருக்கும் தெரியறதுக்குள்ள பழசையே போட்ருங்கக்கா, புண்ணியமாப் போகும்!"

போட்டார். பிறகு, எத்தனை பேர் அந்த வெள்ளைத் திரையைப் பார்த்துத் தொலைத்தார்கள் என்று அறிய வருகைப் பதிவைத் திறந்தார். இன்று, சற்று முன் அவர் திறந்ததைத் தவிர, யாருமில்லை. நேற்று யாருமில்லை. போன மாதம், அதற்கு முந்தைய மாதம், யாருமில்லை. பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரே ஒருவர் வந்திருந்தார், ஒரு பொத்தானின் நிறத்தைச் சரிபார்க்க. அது அக்காவேதான்.

திங்கட்கிழமை அவர் அந்தப் பிரிவுக்குத் தலைவரானார்.