ஏழு மணிக்குத் திறந்த பக்கம்

எருத்தேன்பதியில் வாய்க்கால் தண்ணீர் ஒருவர் காட்டுக்கு எட்டு நாளைக்கு ஒரு முறைதான் வரும். முறை வந்தவர் மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் தண்ணீர் அடுத்தவருக்குப் போய்விடும். அர்த்தநாரியின் நிலக்கடலை, பூவிலிருந்து மண்ணுக்குள் விழுது இறங்கிக் காய் பிடிக்கிற பருவத்தில் காய்ந்து கிடந்தது. இன்றைக்குத் தண்ணீர் தப்பினால் செடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

அவருக்கு முந்தைய முறை தங்கதுரையுடையது. மனைவி செல்லாத்தாளின் தம்பி. சொந்த மச்சினன்தான், ஆனால் போன வருஷத்து வரப்புத் தகராறுக்குப் பிறகு அவன் தும்மினாலும் அர்த்தநாரிக்குச் சந்தேகம். போதாக்குறைக்கு, யார் முறை நடக்கிறது என்று காட்டும் இணையப் பக்கத்தைப் பாசனச் சங்கத்துக்குச் செய்து கொடுத்தவள் தங்கதுரையின் மகள் அனுப்பிரியா. கோயம்புத்தூரில் கணினி வேலை. தண்ணீரும் அவர்கள் கையில், தகவலும் அவர்கள் கையில். கேட்க வேண்டுமா என்று மனுஷன் மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தார்.

காலை ஏழு மணிக்கே போனில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேலே ‘நேரலை’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. கீழே, ‘இப்போது: தங்கதுரை’. முறை முடிந்தவர் பொத்தானை அமுக்கினால் அடுத்தவர் பெயர் வரும். ஒன்பது மணிக்கு அவர் பெயருக்கு மாற வேண்டியது மாறவில்லை. பத்துக்கும் தங்கதுரைதான். செல்லாத்தாள் மடைப் பக்கம் ஒரு எட்டுப் போய்ப் பார்க்கச் சொன்னாள். அங்கே போனால் வாய்ச்சண்டைதான் மிஞ்சும், பக்கம்தான் சாட்சி என்று அசையாமல் காவல் காத்தார். நடுவில் தங்கதுரை மூன்று தடவை கூப்பிட்டான். எதையாவது சொல்லி மழுப்பத்தான் கூப்பிடுகிறான் என்று மூன்றையும் துண்டித்தார்.

பத்தரைக்குப் பொறுமை போயிற்று. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், நாற்பது குடும்பமும் கேட்க, தங்கதுரை தண்ணீர்த் திருடன் என்று குரல் பதிவு போட்டார். போட்ட கையோடு அனுப்பிரியாவைக் கூப்பிட்டு, அப்பன் பெயர் மாறாமல் இருக்க என்ன தில்லுமுல்லு செய்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

“பக்கத்த எப்பத் தொறந்தீங்க மாமா?”

“ஏழு மணிக்கு.”

“அப்ப நீங்க பாக்கறது ஏழு மணிச் சேதிங்க மாமா.”

வலைப்பக்கம் பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். நாம் கேட்டால், தகவலை வைத்திருக்கும் சர்வர் ஒரு தரம் பதில் சொல்லும், அத்தோடு சரி. பிறகு அங்கே என்ன மாறினாலும் தானாக வந்து சொல்லாது. அதனால் சில வினாடிக்கு ஒருமுறை ‘புதுசா ஏதாவது உண்டா’ என்று பக்கமே நச்சரிக்கும்படி செய்து பார்த்தார்கள். அதில் வெட்டி வேலை கூடியதால், சேதி ஏதும் வரும்வரை சர்வர் பதிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வழி வந்தது. இரண்டு பக்கமும் நினைத்த நேரத்தில் பேச இணைப்பைத் திறந்தே வைப்பதற்கு முறையான விதி எழுதியது இரண்டாயிரத்துப் பதினொன்றில்தான். அதுதான் நிஜமான நேரலை. தான் செய்தது ஒரு தரம் மட்டும் பதில் சொல்லும் பழைய வகை என்றும், அடுத்த மாதம் மாற்றப்போகிறோமே என்று ‘நேரலை’ என்ற பெயரை மட்டும் முன்கூட்டியே எழுதியது தன் தப்பு என்றும் அனுப்பிரியா சொன்னாள்.

நன்றாகக் கதை விடுகிறாள் என்று முனகிக்கொண்டே அவர் திரையைக் கீழே இழுத்துப் பக்கத்தைப் புதுப்பித்தார். ‘இப்போது: அர்த்தநாரி. ஒன்பது மணி முதல்.’ பதினொன்றரைக்கு முறையே முடிகிறது.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். ஆளில்லாத மடையிலிருந்து தண்ணீர் இந்நேரம் அடுத்தவர் காட்டில் பாய்ந்துகொண்டிருக்கும் என்றுதான் நினைத்தார். ஆனால் அவருடைய கடலைக்காட்டில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நின்றது. முழங்கால் சேற்றில் தங்கதுரை கடைசி மூலைக்கு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் சட்டைப்பையில் போன் இருந்தது.

“போன் எடுக்கலீங்களே மச்சான். ஆளில்லாம வுட்டா தண்ணி போயிருமேன்னு நானே நின்னுட்டனுங்க. இன்னம் ரெண்டு பாத்தி பாக்கி.”

மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டுக் கால் கழுவினான். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

“குழுவுல நீங்க பேசுனத இங்க நின்னுதானுங்க கேட்டேன்.”

அர்த்தநாரி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். அப்போதும் அவர் கண், மச்சினன் காட்டுப் பக்கத்து மடை சரியாக அடைத்திருக்கிறதா என்றுதான் பார்த்தது. ஒரு சொட்டுக்கூடக் கசியாதபடி அடைத்திருந்தான். தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.