எட்டாம் மாதக் காட்சி

விடிவதற்குள் இஸ்திரிப் பெட்டி சூடேறிவிட வேண்டும். படப்பிடிப்புத் தளத்தின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, ஆவியில் நனைந்த முகத்தோடு தையலக்கா கவுன்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரே மாதிரி நீலக் கவுன் இரண்டு. ஒன்று நாயகிக்கு, இன்னொன்று வயிற்றுக்கு. வெளியே ஜெனரேட்டர் இருமி இருமிப் புகையைக் கக்கியது. விளக்குக்காரர்கள் நாலு பேர் பெரிய விளக்கைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே போனார்கள். முன்பெல்லாம் அதற்கு எட்டுப் பேர். செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி ஆளைப் பாதியாக்கினார்கள். விளக்கின் கனம் அப்படியேதான் இருந்தது.

வயிறு என்பது ஒரு பெண். அங்கே எடுக்கும் டிவி நாடகத்தில் பணக்காரத் தம்பதி ஒன்றுக்குக் குழந்தை இல்லை. அவர்களுக்காக ஓர் ஏழைப் பெண் வாடகைத் தாயாகிறாள். அந்த வேஷம் கட்டும் நாயகிக்குத் தையலக்காதான் பஞ்சு வைத்து வயிறு தைத்துக் கட்டிவந்தாள். ஒருநாள் அவசரத்தில் அதைத் தலைகீழாகக் கட்டிவிட்டாள். பிள்ளை நெஞ்சுக்குள் வளர்வது மாதிரி, கனமெல்லாம் மேலே ஏறி நிற்க, நாயகி அன்றைய பகுதி முழுக்க அழுது தீர்த்தாள். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதிலிருந்து, கிட்டத்தில் காட்டும் ஷாட்டுக்கெல்லாம் நிஜ கர்ப்பிணிதான் வேண்டும் என்று டைரக்டர் ஒற்றைக் காலில் நின்றார். துணை நடிகைகளில் மாசமாக இருப்பவளைத் தேடிப் பிடித்தார்கள். முகம் வேண்டாம், கழுத்துக்குக் கீழே போதும். தளத்தில் அவளுக்கு வயிறு என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நாடகம் நன்றாக ஓடவே, கர்ப்பத்தையும் ஜவ்வாக இழுத்தார்கள். நாயகி எட்டாம் மாதத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. முதல் வயிறு பிள்ளையைப் பெற்றுக்கொண்டு போய்விட்டது. அந்தக் குழந்தை இப்போது தவழ்கிறதாம். இவள் இரண்டாவது.

"அக்கா, இன்னிக்கு மாடிப்படி சீனாம்," என்றாள் அவள், கவுனைத் தலைவழியே மாட்டிக்கொண்டே. "நான்தான் விழணுமாம்."

தையலக்காவின் கை அப்படியே நின்றது. "யாரு சொன்னா?"

"மேனேஜர். ரெண்டு படிதானாம். வழுக்கி உக்காந்தா போதுமாம். கீழ மெத்தை போடுவாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னுட்டேன். மாட்டேன்னா நாளைக்கே வேற வயிறு வந்துடும்க்கா. வீட்டுக்காரருக்கும் வேலை இல்ல. பிரசவத்துக்கு இதைத்தான் நம்பியிருக்கேன்."

தையலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் தன்மேலேயே. அன்றைக்கு அந்தப் பஞ்சை ஒழுங்காகக் கட்டித் தொலைத்திருந்தால் இந்தப் பெண் இங்கே வந்தே இருக்கமாட்டாள். இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று தளத்துக்குள் போனாள்.

நடுவில் நின்றது படிக்கட்டு. பலகைதான், பளிங்கு மாதிரி பெயிண்ட் அடித்து, மினுமினுக்க மெழுகும் தேய்த்திருந்தார்கள். ஏறிப்போனால் மேலே அறை கிடையாது, இரும்புச் சாரம்தான்.

"டூப்பு ஆளுக்குப் பஞ்சு வயித்தைக் கட்டி விடலாமே சார்?" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"உங்க பஞ்சோட பெருமைதான் ஊருக்கே தெரியுமே!" என்று சிரித்தார் அவர். "போங்கக்கா. நீங்க டிரெஸ்ஸு. இது வேற பக்கம்."

தளத்தின் வழக்கம் அது. விளக்குக்காரர் நாற்காலியைத் தொடமாட்டார், செட் போடுகிறவர் வயரைத் தொடமாட்டார். ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் தலையிட்டால் அவர் பிழைப்பைக் கெடுத்த மாதிரி. மரியாதைக்காக வந்த வழக்கம்தான், ஆனால் முதலாளிக்கு அது வசதியாகப் போயிற்று. விளக்குக்கு ஆளைக் குறைத்தபோது விளக்குக்காரர்கள் மட்டும்தான் முணுமுணுத்தார்கள். தையலக்கா அன்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒத்திகை தொடங்கியது. பெண் இரண்டாம் படியில் நின்றாள். மெத்தை இன்னும் வரவில்லை. "சும்மா பொசிஷன்தானே!" என்று டைரக்டர் கத்தினார். விளக்குகள் எரிந்த எரிப்பில் அவள் கழுத்திலிருந்து வியர்வை வழிந்தது. "கொஞ்சம் முன்னால வா... இன்னும்..."

மெழுகில் கால் வழுக்கியது. கைப்பிடியைப் பிடித்தாள்; பசையில் ஒட்டிய கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கீழே விளக்கைப் பிடித்திருந்த மீசைக்காரர் அதைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். விளக்கு சரிந்து தரையில் மோதிச் சிதறியது. பெண் அவர் தோளில் விழுந்தாள்.

தையலக்கா ஓடிவந்து அவளை உட்காரவைத்தாள். "புள்ள அசையுதா? சொல்லுடி, அசையுதா?"

"அசையுதுக்கா," என்றாள் அவள்.

சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார். "என்ன உடைஞ்சுது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"விளக்கு சார்," என்றார் மேனேஜர்.

"யாரு விட்டது?"

"நான்தான்," என்றார் மீசைக்காரர். "புள்ளத்தாச்சிப் பொண்ணு விழப்போச்சு. புடிச்சேன்."

"அது உன் வேலையா?"

இந்தக் கேள்வியைக் கேட்டுத் தலைகுனிந்தே பழகியவர்கள் எல்லாரும்.

"அவர் வேலைதான் சார்," என்றாள் தையலக்கா. "என் வேலையும்தான்."

"நீ யாரும்மா?"

"வயித்தைத் தலைகீழாக் கட்டினவ." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அந்தத் தப்புக்கு இவளை உருட்டாதீங்க சார். வேற தைச்சுத் தர்றேன். டூப்பு ஆளை விழச் சொல்லுங்க."

"நம்ம நாடகம் தாய்மையோட பெருமையைச் சொல்ற நாடகம். எத்தனை வீட்ல கண்ணைத் தொடச்சிக்கிட்டுப் பாக்குறாங்க தெரியுமா?"

"நானும் அழுதிருக்கேன் சார். அந்தப் பெருமையில இவளுக்குப் பங்கு கிடையாதா?"

முதலாளி பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீதானே ஒத்துக்கிட்ட? செய்றியா, இல்லியா?"

அவள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்கு சார்."

"அப்போ கிளம்பு. இந்த மீசையும் கிளம்பட்டும், தையலும் கிளம்பட்டும். மத்தவங்க வேலையைப் பாருங்க."

கிளம்பத் தையலக்காவுக்குக் கால் வரவில்லை. நாளைக்கு அடுப்பு எரியுமா என்ற பயம் வந்தது. ஆனாலும் போய் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்தாள். பெண்ணை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மீசைக்காரரும் அவருடைய ஆட்களும் வந்து உட்கார்ந்தார்கள். தச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். படிக்கட்டு அவர்கள் செய்தது.

"மேல ஏறாதீங்கப்பா, ஆணி சரியா அடிக்கல," என்றபடி மூத்த தச்சரும் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். மேக்கப் பெண்கள் வந்தார்கள், டீ கொடுப்பவர் வந்தார். நாயகி சற்றுத் தயங்கிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை.

"பக்கத்துத் தளத்துலேர்ந்து ஆளைக் கூப்பிடுய்யா!" என்று முதலாளி கத்தினார்.

மேனேஜர் போனில் பேசினார். பேசப் பேசக் குரல் இறங்கியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"என்னவாம்?"

"இங்க இருக்கிற ஆளுங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறாங்க சார். தெரியாம வரமாட்டாங்களாம்."

தையலக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள்.

"போனை இப்படிக் குடுங்க சார். நாங்களே சொல்றோம்."