பதினாலாம் தேதி முத்திரை

பிச்சைமுத்துவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. மீன்காரர் நிறுத்துக் கொடுத்ததை வீட்டுத் தராசில் மறுபடி நிறுத்துப் பார்ப்பார். விண்வெளிப் பயணங்களுக்காக முத்திரை குத்திய தபால் உறைகளைச் சேர்க்கிறவருக்கு அந்தக் குணம் வேண்டியதுதான். ஆனால் மனுஷருக்கு மனுஷர் அதையே காட்டினால் யார் தாங்குவது?

இரண்டு வருஷத்துக்கு முன் மைத்துனன் பத்துமலை கொடுத்த உறை ஒன்று போலி என்று தெரிந்தது. "அவனும் ஏமாந்தவன்தாங்க," என்று மனைவி செல்லாயி தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். இவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து தம்பி அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

1981 ஜூன் மாதம், சித்தியவானிலிருந்து பஸ் ஏறி, ஈப்போ சிலிபினில் இருந்த அக்கா வீட்டுக்கு அவனாகவே வந்தான். செல்லாயிக்குக் கால் தரையில் பாவவில்லை. கோழி வாங்க ஆள் அனுப்பினாள்.

"மச்சான், கொலம்பியா விண்ணோடம் எறங்குன அன்னிக்கு அமெரிக்காவுலயே முத்திரை குத்துன கவர். கப்பல்காரர் ஒருத்தர்கிட்ட கெஞ்சி வாங்குனேன். பழச மனசுல வச்சுக்காதீங்கலா."

பிச்சைமுத்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஏப்ரல் 14. உடனே தன் நோட்டைப் புரட்டினார். வானொலிச் செய்தி கேட்டுத் தன் கையாலேயே எழுதியது: 'ஏப்ரல் 15, புதன், விடியற்காலை இரண்டு மணிக்கு இறங்கியது.'

"எறங்குறதுக்கு மொத நாளே குத்திட்டானா? அமெரிக்கா தபால்காரன் என்ன, ஜோசியக்காரனா? மறுபடியும் என்னை மடையனாக்கப் பாக்குறியா?"

சொன்னதோடு நிற்கவில்லை, பாவி மனுஷன். உறையை இரண்டாகக் கிழித்தார். பத்துமலை செருப்பை மாட்டினான். செல்லாயி பஸ் நிறுத்தம் வரை ஓடிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தபால்காரர் ஓர் உறை கொண்டுவந்தார். கொலம்பியா இறங்கும் நாளில் முத்திரை குத்தி அனுப்பச் சொல்லி, மார்ச் மாதம் தன் விலாசத்தைத் தானே எழுதி பிச்சைமுத்து அமெரிக்கத் தபால் நிலையத்துக்கு அனுப்பியது. சொந்தக் கையெழுத்து, சந்தேகப்பட வழியே இல்லை. அதன் மேல் முத்திரை: ஏப்ரல் 14.

அப்போதுதான் உறைத்தது. ஈப்போவில் புதன் விடியற்காலை என்றால் அங்கே இன்னும் செவ்வாய்க்கிழமை காலைதான். சே! உலகத்தையே சந்தேகப்பட்டவர் தன் கடிகாரத்தை ஒரு தரம் சந்தேகப்படவில்லை.

செல்லாயி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எண் படிக்க அவளுக்குத் தெரியும்.

"பதினாலுதானே போட்டிருக்கு?" என்றாள். "ம், இதையும் கிழிங்க."