பதினோரு மாத வீடு

மாட்டுங்கா லேபர் கேம்பில் வாடகைக்கு வந்த வீட்டை நாற்பது வருடம் காலி செய்யாமல் சொந்தமாக்கிக்கொண்டவர் அப்பா. பிறகு பத்லாபூரில் ஒரு ஃபிளாட் வாங்கிக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார். யாராக இருந்தாலும் பதினோரு மாதம்தான்.

கெடு முடியும்போது, குடியிருந்த விஜயராணி வந்தாள்.

"அண்ணாச்சி, மவளுக்கு அடுத்த மாசம் பத்தாங்கிளாஸ் பரீட்சை. அது முடியட்டும், போயிருதோம்."

"நானும் இப்படித்தாம்மா ஒரு மாசம் கேட்டேன்."

"அப்ப யாரோ எரக்கப்பட்டு விட்டாவல்லா?"

"விட்டாரு. பாவம், கோர்ட்டுக்கு நடந்தே செத்தாரு."

ஞாயிற்றுக்கிழமை அவள் பீரோவை டெம்போவில் ஏற்றியது நான்தான். மகள் முன்சீட்டில் புத்தகத்தை விரித்திருந்தாள். வண்டி கிளம்புவதற்குள் அப்பா பூட்டை மாற்றிவிட்டார்.