அடியில் கிடந்த பிரதி

பசையக்காவிடம் வாய் கொடுத்து மீண்டவர் அந்த நூலகத்தில் யாருமில்லை. கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தைப்பது அவள் வேலை. வாசிப்புக் கூடத்தை அடுத்த சின்ன அறை அவள் ராஜ்ஜியம். ஜன்னலோரம் பசைக் கிண்ணம், தட்டைத் தூரிகை, மெழுகு தேய்த்த நூல், புத்தகத்தை அழுத்தி வைக்க இரும்புத் திருகுப் பலகை. சுவரில் மகள் படம் ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே அதைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் கவிழ்த்துப் போட்டுவிட்டாள்.

நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்ற மகளை நாலு பேர் பார்க்க அறைந்தது அவள்தான். "என் மூஞ்சியில முழிக்காதே" என்றதும் அவள்தான். "நீயா கூப்பிடற வரைக்கும் வர மாட்டேன்" என்று மகள் போய்விட்டாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. வீம்பு மட்டும் வேறு எங்கிருந்து வரும்? ஒரு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடத்தான் கூப்பிட்டாள் பெற்ற மகராசி. அதற்குள் மகள் நம்பரை மாற்றியிருந்தாள். அன்றிலிருந்து தெருமுனையில் எந்தப் பெண் நடந்து வந்தாலும் பசையக்காவின் கண் அந்த நடையைத்தான் தேடும். வெளியில் சொல்வாளா? செத்தாலும் சொல்ல மாட்டாள்.

இப்படி இருக்கையில், போன வருஷம் மாற்றலாகி வந்த நூலகர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஊரே சேர்ந்து ஒரே நாவலைப் படிப்பதாம். அறுபது பிரதிகள். படித்து முடித்தவர் கடைசி வெற்றுத் தாளில் தேதி போட்டு நாலு வரி எழுதிவிட்டு அடுத்தவர் கைக்கு மாற்ற வேண்டும். பெயர் எழுதக் கூடாது. கிழிந்துபோனால் மட்டும் நூலக வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். மாதக் கடைசி வியாழன் சாயங்காலம் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள்.

"நீங்களும் படிங்கக்கா" என்றார் நூலகர்.

"ஊர் படிக்கட்டும், நான் ஒட்டறேன். ரெண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது. கூட்டம் அது இதுன்னு யாரும் என் கதவைத் தட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

பிரதிகள் வந்து குவிந்தன. ஊர்க்காரர்கள் படித்தார்களோ இல்லையோ, நன்றாகப் பிய்த்தார்கள். ஒன்று மழையில் ஊறியிருந்தது, ஒன்றைக் குழந்தை கடித்திருந்தது. பசையக்காவுக்கு ஒரு முறை உண்டு. முதுகு பிளந்தது முதலில், தாள் உதிர்ந்தது அடுத்து, சின்னக் கிழிசலெல்லாம் குவியலின் அடியில். பலத்த அடிபட்டவனை ஆஸ்பத்திரியில் முதலில் பார்ப்பதில்லையா, அந்த நியாயம்தான்.

அப்படி அடியில் போன பிரதி ஒன்று, பத்தொன்பது நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் மேலே வந்தது. கடைசித் தாளின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல், பிசிறே இல்லாமல். "இது தானா கிழிஞ்சதில்ல. எவளோ வேலையத்தவ உக்காந்து நிதானமா கிழிச்சிருக்கா" என்று திட்டிக்கொண்டே தூரிகையைப் பசையில் தோய்த்தாள். அப்புறம்தான் எழுத்தைப் பார்த்தாள். வலப்பக்கம் சாய்ந்து ஓடும் எழுத்து. கையைப் பிடித்து எழுதப் பழக்கியவளுக்குத் தெரியாமலா போகும்?

'அம்மா, கிழிஞ்சா உன் மேசைக்குத்தான் வரும்னு கிழிச்சேன், மன்னிச்சுக்கோ. வர்ற கூட்டத்துக்கு வரேன். நீ வந்து உக்காந்தா போதும், கூப்பிட்டதா எடுத்துக்கறேன். கப்பல்ல வேலை கிடைச்சிருக்கு. நீ வரலேன்னா மறுநாளே கிளம்பிடுவேன். இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்.'

கூட்டம் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

பசை சொட்டும் தூரிகையோடு நூலகரிடம் ஓடினாள். "போன வியாழக்கிழமை சின்னப் பொண்ணு யாராச்சும் வந்துச்சா?"

அவர் யோசித்தார். "ஒருத்தி வந்தா. கதவோரம் கடைசி நாற்காலி. வாயே திறக்கல. எல்லாரும் போனப்புறமும் உக்காந்திருந்தா. புத்தகம் ஒட்டறவங்க வர மாட்டாங்களான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்க சொன்னதைத்தான். வர மாட்டாங்க, கதவைத் தட்டவும் கூடாதுன்னு." அவர் லேசாகச் சிரித்தார். "நடுவுல நீங்க சுவத்தைத் தட்டி, 'இதென்ன சந்தைக்கடையா, மெதுவா பேசித் தொலைங்க'ன்னு கத்தினீங்களே? எல்லாரும் வெலவெலத்துப் போயிட்டாங்க. அவ மட்டும் சிரிச்சா. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. ஏங்க்கா, தெரிஞ்ச பொண்ணா?"

"பேரு, நம்பர் ஏதாவது எழுதி வாங்கினீங்களா?"

"பேரே கேக்கக் கூடாதுங்கறதுதானேக்கா திட்டம்."

பசையக்கா அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினாள். அந்தக் கிழிசலைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். இதே மேசைக்கடியில் நூல்கண்டை உருட்டி விளையாடி வளர்ந்தவள். புத்தகத்தைக் கிழிக்க அவளுக்குக் கை வந்திருக்காது. கிழித்தபோதுகூட அம்மாவுக்கு வேலை வைக்கக் கூடாதென்று இத்தனூண்டாகக் கிழித்திருக்கிறாள்.

"பாவி மகளே" என்று வாய்விட்டுக் கதறினாள். "கொஞ்சம் பெருசா கிழிச்சிருக்கக் கூடாதாடி!"

கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தார்கள். ஒருவரும் போய்க் கதவைத் தட்டவில்லை.