அரைவெயிலில் போட்ட அப்பளம்

என் வீட்டுக்காரர் பாண்டிராஜுக்கு எந்த ஊரைப் பற்றிச் சொன்னாலும் முதல் கேள்வி, அங்கே அப்பளம் காயுமா என்பதுதான். பழங்காநத்தத்தில் எங்கள் மொட்டைமாடியில்தான் அப்பளத் தொழில். தேய்த்ததை வெயிலில் போட்டு, ஓரம் சுருளும் முன்னே அள்ளிவிட வேண்டும். விட்டால் வெடித்துவிடும், கடைக்காரன் தொடமாட்டான்.

எங்கள் மகள் பவதாரிணிக்குக் குளிர் ஆகாது. மார்கழி வந்தால் வீசிங் வந்துவிடும். அவள் நெஞ்சுச் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். நான் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். சின்ன வயதிலிருந்து கீழக்குயில்குடி மலையில் கல் பொறுக்கித் திரிந்த பிள்ளை, படித்தால் ஜியாலஜிதான் என்று நின்றாள். டேராடூனிலும் அனந்தபூரிலும் இடம் கிடைத்தது. டேராடூன் குளிர் என்று அவளே விட்டுவிட்டாள்.

"அனந்தபூர் நல்ல வெயிலும்மா. நம்ம ஊரு மாதிரிதான்."

"நம்ம ஊரு மாதிரி ஊருக்கு எதுக்குடி ஆந்திரா வரைக்கும் போகணும்? மூச்சு முட்டுனா அங்க யாரு இருக்கா?" என்று சண்டைக்கு நின்றேன்.

இவரோ நிதானமாக, "போய்ப் பாப்போம் செல்வி. அப்பளம் காஞ்சா சேப்போம், காயலைன்னா திரும்பிருவோம்" என்றார். கூறுகெட்ட மனுசன் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

சொன்னபடியே பச்சை அப்பளங்களை ஈரத்துணியில் சுற்றித் தூக்குவாளியில் அனந்தபூருக்குக் கொண்டுவந்தார். விடுதி வார்டனம்மாவிடம் பவா கூச்சத்தோடு இங்கிலீஷில் விளக்கினாள். அந்தம்மா சிரித்துக்கொண்டே மாடிச் சாவியைக் கொடுத்தார்.

மாடியெங்கும் வெயில் கொளுத்தியது. இவர் அதையெல்லாம் விட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலையில் துண்டை விரித்தார்.

"ஏங்க, அங்க அம்புட்டு வெயில் கெடக்கு. இங்க வந்து போடுறீங்க?"

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு."

காலேஜ் ஆபீஸில் பேசிவிட்டு, விடுதிச் சாம்பாரையும் ருசி பார்த்துவிட்டு மேலே வந்தோம். அந்த அரைவெயிலுக்கே அத்தனையும் காய்ந்து வெடித்துக் கிடந்தன. இவர் ஒன்றை எடுத்து ஒடித்தார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காஞ்சிருச்சு ஆத்தா. இங்கயே படி" என்றார். பவா அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளைச் சேர்த்துவிட்டுத் திரும்பும் ரயிலில் ஆரம்பித்தேன். "இப்பத் திருப்திதான? பிள்ளைய அனுப்பி வச்சாச்சுல்ல?"

இவர் தூக்குவாளியை மடியில் வைத்திருந்தார். "காயக் கூடாதுன்னுதான் செல்வி நெழல் பாத்துப் போட்டேன். ஈரமா இருந்தா பிள்ளையக் கூட்டிட்டு வந்துரலாம்ல."

"அப்படின்னா காயலைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"காஞ்ச அப்பளத்தக் கையில வச்சுக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்?" என்றவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்கழி பிறந்த காலையில் பவா போன் செய்தாள். இவர்தான் எடுத்தார். எடுத்தவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்பா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் ஆத்தா. நீ பாட்டுக்குப் பேசு. மூச்சு சீரா வருதான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

நானும் போய் அந்தப் போனில் காதை ஒட்டிக்கொண்டேன்.